ஒரு தட்டு, ஒரு மிதி

நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடக்கும். அணிக்கு இருவர். ஒருவர் ஓய்வெடுக்கும்போது மற்றவர் ஓட்டுவார். இரவு பகலாகச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்க்க வந்தவர்களுக்காக ஒரு பாண்டு வாத்தியக் குழுவும் அவ்வப்போது வாசிக்கும். லெனார்ட் ஏயர்ஸ் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் வீரர்களின் வேகத்தை எடுத்து, வாத்தியம் ஒலித்த நேரம், ஒலிக்காத நேரம் என்று பிரித்துப் பார்த்தார். 1911இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, வாத்தியம் இல்லாதபோது சராசரி வேகம் மணிக்கு 17.9 மைல். வாத்தியம் ஒலித்தபோது 19.6 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 28.8, 31.5.

இந்தக் கணக்கில் ஒரு பலவீனம் உண்டு. வாத்தியம் வாசிக்கும் நேரம் அரங்கு நிறையும் நேரமாகவும் இருந்திருக்கலாம். வீரர்களை முடுக்கியது கூட்டத்தின் ஆரவாரமா, இசையா என்று அந்த எண்களை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் உடற்பயிற்சிக்கும் இசைக்கும் உள்ள உறவை அளந்து பார்த்த மிகப் பழைய ஆய்வுகளில் ஒன்று சைக்கிளில் நடந்தது என்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. கால் வட்டமாகச் சுழலும் இந்த வேலையைப் போலத் தாளத்துக்கு இவ்வளவு எளிதாக இணங்கும் உடற்பயிற்சிகள் குறைவு.

இன்று அதே உறவின் பரிசோதனைக்கூடம் ஸ்பின்னிங் வகுப்பு. மங்கிய விளக்கு, வரிசையாக நகராத சைக்கிள்கள், முன்னால் ஒரு பயிற்சியாளர், பெரிய ஒலிபெருக்கிகள். இந்த வண்டியைக் கொண்டுவந்தவர் ‘ஜானி ஜி’ என்று அறியப்படும் ஜானி கோல்ட்பர்க். தென்னாப்பிரிக்காவில் பிறந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய நெடுந்தூர சைக்கிள் வீரர் அவர். அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் கடக்கும் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ பந்தயத்துக்கு வீட்டுக்குள்ளேயே பழகுவதற்காக, 1980களின் பிற்பகுதியில் தானே ஒரு வண்டியை உருவாக்கினார். 1995இல் ஷ்வின் நிறுவனம் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது.

வண்டியின் அமைப்பு எளிது. முன்னால் ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம். பழைய வகைகளில் அது 18 கிலோ அளவுக்கு எடை இருக்கும். பெடலும் அதுவும் நேராகப் பிணைந்தவை. தெருவில் ஓட்டும் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்திவிட்டு உருளவிடலாம். இதில் சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். ஓட்டுபவரின் கையில் இருப்பது ஒரே ஒரு குமிழ். அதைத் திருகினால் சக்கரத்தின் மேல் பிடி இறுகும்.

ஆகவே உழைப்பைத் தீர்மானிப்பவை இரண்டு: எவ்வளவு இறுக்கம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று. ஒருவர் 150 வாட் திறனில் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அவர் செலுத்த வேண்டியது 150 ஜூல். 90 சுற்று என்றால் 100 ஜூல் போதும். திறன் ஒன்றுதான், சுமை விழும் இடம் மாறுகிறது. மெதுவாக, இறுக்கமாக மிதித்தால் தொடைத் தசைகள் முதலில் முறையிடும். வேகமாக, இலகுவாக மிதித்தால் மூச்சும் நெஞ்சும் முதலில் முறையிடும். மேடு ஏறும் பயிற்சிக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று, சமதளத்துக்கு 80 முதல் 110 என்பது ஸ்பின்னிங் பயிற்சியாளர்களின் வழக்கமான வரம்பு.

பாட்டு உள்ளே நுழையும் இடம் இதுதான். குமிழைத் தொடாமலே சுற்று 80இலிருந்து 90க்கு ஏறினால், உராய்வுப் பிடி உள்ள வண்டியில் திறன் எட்டில் ஒரு பங்கு கூடிவிடும். காந்தப் பிடி உள்ளதில் அதைவிடவும் கூடும். அடுத்த பாட்டு கொஞ்சம் விறுவிறுப்பாக இருந்து, கால் அதைப் பின்தொடர்ந்தால், வகுப்பில் இருக்கும் அத்தனை பேரின் உழைப்பையும் அந்தப் பாட்டு ஏற்றிவிட்டது என்று பொருள். பட்டியலில் பாட்டுகளை வரிசைப்படுத்துகிறவர் மனநிலையை மட்டும் வரிசைப்படுத்துவதில்லை. மற்றவர்களின் இதயத்துக்கும் தசைக்கும் வேலை ஒதுக்குகிறார்.

தாளத்துக்கும் மிதிக்கும் உள்ள கணக்கைப் பார்ப்போம். ஒரு சுற்றில் வலது கால் ஒருமுறையும் இடது கால் ஒருமுறையும் கீழே இறங்கும். தட்டுக்கு ஒரு கால் என்று வைத்தால், நிமிடத்துக்கு 128 தட்டு உள்ள நடனப் பாட்டில் சுற்று 64. மேடு ஏறுவதற்குச் சரியான வேகம். 180 தட்டு உள்ள பாட்டில் சுற்று 90, சமதள ஓட்டம். 110 சுற்றில் பறக்க வேண்டுமென்றால்? 220 தட்டு உள்ள பாட்டைத் தேடிக் களைக்க வேண்டியதில்லை. 110 தட்டு உள்ள பாட்டை எடுத்து, தட்டுக்கு ஒரு முழுச் சுற்று என்று மாற்றிக்கொள்ளலாம்.

கர்நாடக இசையில் சரளி வரிசை பாடிப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். கை போடும் தாளம் மாறாது. முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. ஒரு பாட்டின் வேகம் எது என்று கணினி மென்பொருள்கள் அடிக்கடி தடுமாறுவதும் இதே இடத்தில்தான்: 90 என்றும் காட்டும், 180 என்றும் காட்டும். இரண்டும் பிழையில்லை, காலம்தான் வேறு. பயிற்சியாளர் செய்ய வேண்டியது, கால் எந்தக் காலத்தில் போகப் போகிறது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது.

நடையும் முக்கியம். நம் குத்துப்பாட்டுகள் பெரும்பாலும் திஸ்ர நடையில் அமைந்தவை; ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று சிறு அடிகள் ஓடும். அந்தச் சிறு அடிகளைத் துரத்தினால் கால் தடுமாறும். பெரிய தட்டுகளைப் பிடித்தால் வலது, இடது, வலது, இடது என்று சீராக விழும். உள்ளே ஓடும் மூன்று அடிகள் இடுப்புக்கும் தோளுக்கும் ஆட்டம் தரும். குத்துப்பாட்டில் மிதிப்பது இவ்வளவு சுகமாக இருப்பதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. எட்டு தட்டு உள்ள ஆதி தாளத்தில் தட்டுக்கு ஒரு கால் என்று மிதித்தால், தாளத்தின் ஒரு முழுச் சுற்றான ஆவர்த்தனம் ஒவ்வொன்றிலும், அது தொடங்கும் இடமான சமம் எப்போதும் ஒரே காலில்தான் விழும். ஏழு எண்ணிக்கை உள்ள மிஸ்ர சாபுவில், அல்லது ஐந்து எண்ணிக்கை உள்ள கண்ட சாபுவில், எண்ணிக்கைக்கு ஒரு கால் என்று மிதித்தால் என்ன ஆகும்? ஒற்றைப்படை என்பதால் சமம் ஒருமுறை வலது காலிலும் மறுமுறை இடது காலிலும் மாறி மாறி விழும். இரண்டு ஆவர்த்தனம் முடிந்தால்தான் காலும் தாளமும் தொடங்கிய நிலைக்குத் திரும்பும். ஸ்பின்னிங் வகுப்பில் யாரும் சாபு தாளம் போடுவதில்லைதான். ஆனால் இரண்டு கால்கள் உள்ள உயிருக்கு ஏன் இரட்டைப்படைத் தாளங்கள் இவ்வளவு இயல்பாக வருகின்றன என்று யோசிக்க அது ஒரு நல்ல வாசல்.

கால் தாளத்தைப் பிடிப்பது எப்படி? ஒலியைக் கேட்டபிறகு மிதிக்கிறோம் என்று தோன்றும். கணக்கு அதை ஒப்புக்கொள்ளாது. 90 சுற்றில் ஒரு கால் இறங்குவதற்கும் அடுத்த கால் இறங்குவதற்கும் இடையே இருப்பது மூன்றில் ஒரு நொடி. எதிர்பாராத ஓர் ஒலியைக் கேட்டு உடல் அசைய ஏறத்தாழ 0.15 நொடி ஆகும். கேட்டபிறகு மிதித்தால் ஒவ்வொரு மிதியும் பாதி வழி பின்தங்கியே இருக்கும். நடைமுறையில் அப்படி ஆவதில்லை. தாளத்துக்கு விரலால் தட்டச் சொன்னால் மனிதர்கள் பொதுவாக ஒலிக்கு ஒரு கணம் முந்தியே தட்டுகிறார்கள். மூளை அடுத்த தட்டு எப்போது வரும் என்று கணித்து, தசைக்கு முன்கூட்டியே ஆணை அனுப்பிவிடுகிறது. ஜெசிகா கிரானும் மேத்யூ பிரெட்டும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேன் இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்தபடி தாளம் கேட்டவர்களின் மூளையில், அசைவைத் திட்டமிடும் பகுதிகளும் பேசல் கேங்லியா என்னும் ஆழ்ந்த நரம்புத் திரளும் உயிர்பெறுவதைக் கண்டார்கள். கால் அசையவில்லை, ஆனாலும் அசைவுக்கான இடங்கள் விழித்துக்கொண்டன.

இந்தக் கணிப்பு வேலை சிக்கனத்தையும் தருகிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களை நிமிடத்துக்கு 65 சுற்றில் மிதிக்க வைத்தார்கள். ஒருமுறை 130 தட்டு உள்ள இசை. அதாவது மிதியோடு சரியாகப் பொருந்துவது. இன்னொரு முறை அதே இசை 123 தட்டில், கொஞ்சம் பின்தங்குவது. சுற்றும் உழைப்பும் ஒன்றுதான். ஆனால் பொருந்திய இசையில் உடல் செலவிட்ட ஆக்சிஜன் ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. தாளம் துல்லியமாகக் கிடைக்கும்போது கால் தன் வேகத்தை அடிக்கடி திருத்திக்கொள்ள வேண்டியிருப்பதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கிட்டத்தட்டப் பொருந்தும் பாட்டைவிடச் சரியாகப் பொருந்தும் பாட்டைத் தேட, இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

என்னை மிகவும் வியக்க வைத்த ஆய்வு லிவர்பூலில் நடந்தது, 2010இல் வெளியானது. ஜிம் வாட்டர்ஹவுஸும் அவரது குழுவினரும் 12 மாணவர்களை 25 நிமிடம் தங்களுக்கு வசதியான உழைப்பில் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். பின்னணியில் ஆறு பிரபலமான பாட்டுகள். அதே மாணவர்கள் வேறு நாட்களிலும் வந்து மிதித்தார்கள். அவர்களிடம் சொல்லாமல், ஒரு நாள் இசையின் வேகத்தை 10 சதவீதம் கூட்டியும், இன்னொரு நாள் 10 சதவீதம் குறைத்தும் வைத்தார்கள். சுருதி மாறாமல் வேகம் மட்டும் இந்த அளவு மாறினால் காது எளிதில் கண்டுபிடிக்காது, கால் கண்டுபிடித்துவிட்டது.

வேகம் கூடிய நாளில் கடந்த தூரம் 2.1 சதவீதமும், திறன் 3.5 சதவீதமும் உயர்ந்தன. மிதிவேகம் உயர்ந்தது 0.7 சதவீதம் மட்டுமே. கால் தாளத்தைத் துரத்தியதால் மட்டுமே திறன் கூடியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்க வேண்டும். அப்படியில்லை. அவர்கள் இன்னும் அழுத்தமாக மிதித்திருக்கிறார்கள். தாங்களாகவே கூடுதல் பாரத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். உழைப்பு கடினமாகத் தோன்றுகிறது என்றும் அவர்கள் சொன்னார்கள்; இருந்தும் இசை மீதான விருப்பம் குறையவில்லை.

வேகம் குறைந்த நாள் இன்னும் பேசுகிறது. தூரம் 3.8, மிதிவேகம் 5.9, திறன் 9.8 சதவீதம் சரிந்தன. இசை பிடித்திருக்கிறதா என்ற மதிப்பெண் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அதே பாட்டுகள்தான்! பன்னிரண்டு பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுதிவிட முடியாது. ஆனாலும் இந்தச் சமமின்மையைக் கவனிக்க வேண்டும்: விறுவிறுப்பு தரும் லாபத்தைவிட, தொய்வு தரும் நஷ்டம் பெரிது. இடம் தவறி நுழைந்த ஒரு மந்தமான பாட்டு, பொருத்தமான ஒரு வேகமான பாட்டு கொடுத்ததைவிட அதிகமாகவே பறித்துக்கொள்ளும்.

அப்படியென்றால் உழைப்பு ஏற ஏறப் பாட்டின் வேகமும் ஏறிக்கொண்டே போக வேண்டுமா? இதயம் 170 துடித்தால் 170 தட்டு வேண்டும் என்ற நம்பிக்கை ஜிம்களில் உண்டு. இதயம் பாட்டின் தாளத்துக்குத் துடிப்பதில்லை; தாளம் பிடிப்பவை கால்கள். லண்டன் புருனெல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் காரஜார்ஜிஸ் குழு 2011இல் சைக்கிள் ஓட்டுபவர்களிடம், ஒவ்வொரு நாடித்துடிப்பு நிலையிலும் எந்த வேகத்து இசை பிடித்திருக்கிறது என்று கேட்டுப் பார்த்தது. விருப்பம் ஏறத்தாழ 125க்கும் 140க்கும் இடையிலேயே நின்றது. உடல் கொதித்தாலும் காது ஒரு வரம்பைத் தாண்ட விரும்பவில்லை. 2020இல் 139 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு பகுப்பாய்வு, இசை மனநிலையையும் செயல்திறனையும் உயர்த்துகிறது, களைப்பு உணர்வைக் குறைக்கிறது என்று கண்டது. நாடித்துடிப்பில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை.

களைப்பு உணர்வைக் குறைக்கிறது என்றேன். அதற்கும் ஓர் எல்லை உண்டு. மிதமான உழைப்பில் இசை களைப்பு உணர்வை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைக்கும். மனதின் கவனம் அளவானது. பாட்டு அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டால் தசை அனுப்பும் சேதிக்கு இடம் குறையும். ஆனால் மூச்சு வாங்கி, முழு வாக்கியம் பேச முடியாத நிலையைக் கடந்துவிட்டால், உடலின் சேதி மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும். அதன்பின் எந்தப் பாட்டாலும் வலியைக் குறைக்க முடியாது. அந்த வலியை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதை மட்டும் பாட்டு கொஞ்சம் மாற்றலாம். அதனால் மிகக் கடினமான நிமிடங்களுக்குத் தாளம் மட்டும் போதாது. ஓட்டுபவர்கள் மனதார விரும்பும் பாட்டு வேண்டும்.

களைப்பை மறைக்கும் இந்த ஆற்றலை ஓர் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். முதல்முறை ஸ்பின்னிங் வகுப்புக்குப் போனவர்கள் ரேப்டோமயோலிசிஸ் என்னும் தசைச் சிதைவோடு மருத்துவமனையில் சேர்ந்ததை 2017இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. தொடைத் தசை அளவுக்கு மீறி உழைத்துச் சிதைந்து, அதன் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கோலா நிறத்துக்கு மாறும். இதற்கு இசைதான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. ஆனால் அறை முழுக்க ஒரே தாளத்தில் மிதிக்கும்போது, புதியவர் ஒருவருக்கு நிறுத்தத் தோன்றாது. முதல் நாள் வந்தவரின் அருகில் போய், குமிழைத் தளர்த்தி, பாதித் தாளத்தில் ஓட்டச் சொல்கிற பயிற்சியாளரையே நான் நம்புவேன்.

ஒலியளவும் இதே அக்கறைக்கு உரியது. டிரெட்மில்லில் 2006இல் நடந்த ஒரு சோதனையில், வேகமான இசையைச் சத்தமாக வைத்தபோது மக்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். மெதுவான இசையில் சத்தம் பெரிய மாற்றம் தரவில்லை. எனவே சத்தத்தைக் கூட்டும் ஆசை புரிகிறது. ஆனால் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம். 100 டெசிபலில் கால் மணி நேரம். உள்காதின் மெல்லிய மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நாளுக்கு மூன்று நான்கு வகுப்பு எடுக்கும் பயிற்சியாளரின் காது அந்த அறையில் மிகவும் ஆபத்தில் இருக்கும் காது.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நம் திரையிசைக்கே உரிய ஒரு சிக்கலும் வரும். பல்லவியில் துள்ளும் தாளம், இடையிசையில் நின்று, புல்லாங்குழலோ வயலினோ தனியே இழையும். கேட்க அழகு, மிதிக்கும் கால் அந்த இடத்தில் பிடிமானம் இழக்கும். முன்பு எல்லா வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவான பாட்டுகளில் வேகம் நுட்பமாக ஏறி இறங்குவதும் உண்டு. அது மனித மூச்சின் அடையாளம். கணினிக் கணக்கில் உருவான இன்றைய பாட்டுகள் முதல் நொடியிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் நிற்கும். தாளத்தோடு துல்லியமாக மிதிக்க வேண்டிய பகுதிக்குப் பிந்தைய வகையும், சும்மா உருட்டும் பகுதிக்கு முந்தைய வகையும் பொருந்தும். இடையிசையைக்கூட வீணாக்க வேண்டாம்: தாளம் நிற்கும் அந்தச் சில நொடிகளில் குமிழை இறுக்கி, பல்லவி திரும்பும் கணத்தில் எழுந்து நின்று மிதிக்கலாம். மாண்ட்ரியலில் 2011இல் நடந்த ஆய்வு ஒன்று, விருப்பமான இசையின் உச்சத்தில் மட்டுமன்றி, அந்த உச்சத்துக்காகக் காத்திருக்கும் நொடிகளிலும் மூளையில் டோபமின் சுரப்பதைக் காட்டியது. வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே ஓர் ஊட்டம்.

ஏற்றம் இறைத்தவர்களும் நாற்று நட்டவர்களும் பாடிய பாட்டுகள் உழைப்பின் வேகத்துக்கு இணங்கின. உடல் தளர்ந்தால் பாட்டும் தளரும். பாடுபவரும் உழைப்பவரும் ஒருவரே. பதிவு செய்த பாட்டுக்குத் தளரத் தெரியாது. எதிரில் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. அந்தப் பார்க்கும் வேலை முழுவதும் பயிற்சியாளரிடம் வந்து சேர்கிறது.

அதனால்தான் கடைசிப் பாட்டுக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன். கடும் உழைப்புக்குப் பின் சட்டென்று நிறுத்தினால், விரிந்து கிடக்கும் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் தேங்கிவிடும். கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கித்தான் அது இதயத்துக்குத் திரும்ப வேண்டும்; அந்தச் சுருக்கம் நின்றால் தலை சுற்றும், சிலர் மயங்கியும் விழுவார்கள். கால் ஓடவும் வேண்டும், உழைப்பு இறங்கவும் வேண்டும். லிவர்பூல் மாணவர்களின் திறனைக் கிட்டத்தட்டப் பத்து சதவீதம் இறக்கிய அதே தொய்வு இங்கே மருந்தாகிறது. நிமிடத்துக்கு 65, 70 தட்டில் நடக்கும் ஒரு பாட்டைப் போட்டு, தட்டுக்கு ஒரு சுற்று என்று ஐந்து நிமிடம் விட்டால், குமிழைக் குறையுங்கள் என்று சொல்வதற்கு முன்பே பெரும்பாலான கைகள் அதைத் தளர்த்தத் தொடங்கியிருக்கும்.